மாலத்தீவும் காலநிலை மாற்றமும்: பாதிப்பு எங்கிருந்து வருகிறது, தகவமைப்பு எதைச் செய்கிறது?

மாலத்தீவைப் பற்றிப் பேச்சு எழுந்தால், "அது இன்னும் கொஞ்ச காலத்தில் கடலுக்குள் போய்விடும்" என்று யாரேனும் ஒருவர் சொல்லாமல் இருப்பதில்லை. 2009 அக்டோபரில் அதிபர் முகமது நஷீத் தம் அமைச்சர்களுடன் முக்குளிப்பு உடையணிந்து கடலடியில் அமைச்சரவைக் கூட்டம் நடத்திய படம் உலகெங்கும் பரவியபின், அந்த எண்ணம் இன்னும் ஆழமாக வேரூன்றிவிட்டது. உலகத்தின் கவனத்தை ஈர்க்க அந்தச் சிறிய நாட்டுக்கு அப்படியொரு காட்சி தேவைப்பட்டது என்பதில் தவறேதும் இல்லை. ஆனால், கடல்மட்டம் சீராக உயர்ந்து ஒரு நாள் நாடு முழுவதையும் மூடிவிடும் என்ற எளிய கதை, அங்கே உண்மையில் நடப்பதை விளக்குவதில்லை.

இதற்கு நேர்மாறான இன்னொரு கதையும் உலவுகிறது. செயற்கைக்கோள் படங்களில் பல பவளத் தீவுகளின் பரப்பு குறையவில்லை, சில வளர்ந்தும் இருக்கின்றன. ஆகவே எல்லாம் வீண் பயம் என்பது அது. இரண்டு கதைகளும் தீவை ஓர் அசையாத மேடையாகக் கருதுவதில்தான் பிழை செய்கின்றன. அந்தப் பிழையைக் களைந்துவிட்டால் மற்றவை எளிதாகப் புரியும்.

ஒரே மழை, வெவ்வேறு வீடுகள்

முதலில் 'பாதிப்புக்குள்ளாகும் தன்மை' என்ற சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஒரு தெருவில் ஓர் இரவு பெருமழை பெய்கிறது என்று வைத்துக்கொள்வோம். தாழ்வான மனையில் உள்ள வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வருகிறது; மேட்டில் உள்ள வீட்டுக்குள் வருவதில்லை. தாழ்வான மனையிலேயே இரண்டு வீடுகள் இருந்தால், மண்சுவர் வீடு சரிகிறது. சிமெண்டு வீடு நனைந்து காய்கிறது. மண்சுவர் வீடுகளே இரண்டு என்றாலும், கையில் சேமிப்பும் உறவினர் துணையும் உள்ள குடும்பம் ஒரு மாதத்தில் சுவரை எழுப்பிவிடுகிறது. கடனில் இருக்கும் குடும்பம் அடுத்த மழைவரை அந்த ஈரத்திலேயே கிடக்கிறது.

பெய்த மழை ஒன்றுதான். ஆனால் இழப்பை மூன்று காரணங்கள் தீர்மானித்தன. ஆபத்து வரும் வழியில் இருப்பது முதலாவது. இதை 'எதிர்ப்படல்' என்கிறோம். வந்த ஆபத்தால் எளிதில் சேதமாகும் இயல்பு இரண்டாவது, இது 'நலிவு'. சேதத்தைச் சமாளித்து மீளும் வலிமை மூன்றாவது. இது 'ஈடுகொடுக்கும் திறன்'. முதல் இரண்டும் கூடினால் பாதிப்பு கூடும்; மூன்றாவது கூடினால் பாதிப்பு குறையும். காலநிலை மாற்றத்தால் பாதிக்கப்படும் நாடு எது என்று கேட்கும்போது பெரும்பாலோர் முதலாவதை மட்டுமே பார்க்கிறார்கள். மாலத்தீவைப் புரிந்துகொள்ள மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மணலால் ஆன நாடு

இந்தியப் பெருங்கடலில் வடக்கு தெற்காக 800 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு கிடக்கும் மாலத்தீவில் ஏறத்தாழ 1,190 தீவுகள் உள்ளன. அவற்றுள் மக்கள் குடியிருப்பவை 200-க்கும் குறைவு. 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வெளிநாட்டுத் தொழிலாளர்களையும் சேர்த்து, 5 லட்சத்துக்குச் சற்று அதிகமானோர் அங்கே வாழ்கிறார்கள். நிலப்பரப்பில் ஏறத்தாழ 80 விழுக்காடு கடல்மட்டத்திலிருந்து ஒரு மீட்டர் உயரத்தைக்கூட எட்டுவதில்லை. மலை இல்லை, ஆறு இல்லை, ஒதுங்குவதற்கு உள்நாடு என்று ஒன்றும் இல்லை. எதிர்ப்படலைப் பொறுத்தவரை இதைவிட மோசமான இடத்தைக் காண்பது அரிது.

இந்தத் தீவுகள் பாறையால் ஆனவை அல்ல. கடலுக்கடியில் வளையம்போல் அமைந்த பவளத் திட்டுகளின்மேல் மணலும் பவளச் சிதைவுகளும் குவிந்து உருவானவை. அந்த மணல் எங்கிருந்து வருகிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் மையம். ஆற்று மணலைப்போல் மலையிலிருந்து உருண்டு வந்ததன்று. உயிரினங்கள் உற்பத்தி செய்த மணல் அது. கிளி அலகு போன்ற வாயுடைய கிளிமீன், பவளத் திட்டின் மேற்பரப்பைக் கொறித்துத் தின்று, செரிக்காத சுண்ணாம்பைப் பொடியாக வெளியேற்றுகிறது. வக்கரு என்ற மாலத்தீவுத் தீவைச் சுற்றி 2015-இல் வெளியான ஓர் ஆய்வு, அங்கே புதிதாக உருவாகும் மணலில் 85 விழுக்காட்டுக்கும் மேல் கிளிமீன்களால் வருவதாகக் கணக்கிட்டது. பவளத் திட்டு உயிரோடு இருக்கும்வரை தீவுக்கு மணல் வந்துகொண்டிருக்கும்.

வந்த மணல் ஓரிடத்தில் நிற்பதும் இல்லை. மாலத்தீவினர் ஹுல்ஹங்கு என்று சொல்லும் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலைகள் கரை மணலைத் தீவின் கிழக்குப் பக்கத்துக்குத் தள்ளுகின்றன. இருவை என்னும் வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் அதே மணல் மேற்கு நோக்கித் திரும்புகிறது. ஆண்டுதோறும் கடற்கரை தீவைச் சுற்றி வருகிறது என்றே சொல்லலாம். புதிதாக வருபவர் கண்ணுக்கு 'அரிப்பு' என்று தோன்றுவது, சில மாதங்களில் திரும்பிவிடும் மணலாக இருக்கக்கூடும்.

சுருக்கமாக: இந்தத் தீவுகள் தாழ்வானவை, ஆனால் உயிருள்ள பவளத்தாலும் நகரும் மணலாலும் தம்மைத் தாமே புதுப்பித்துக்கொள்பவை. காலநிலை மாற்றம் இந்த இரண்டையும் தொடுகிறது.

கடல் உயர்வதும் அலை ஏறுவதும்

வெப்பமடையும்போது கடல்நீர் விரிகிறது. நிலத்தின்மேல் உள்ள பனி உருகிக் கடலில் சேர்கிறது. இவ்விரண்டாலும் 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. 2006-க்கும் 2018-க்கும் இடையில் உயர்வின் வேகம் ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர். ஐ.பி.சி.சி. எனப்படும், காலநிலை மாற்றத்தை மதிப்பிடும் ஐக்கிய நாடுகள் குழு, வெப்பத்துக்குக் காரணமான வாயுக்களின் உமிழ்வு மிகக் குறைவாக இருந்தால் 2100-க்குள் 28 முதல் 55 சென்டிமீட்டர் வரையிலும், மிக அதிகமாக இருந்தால் 63 சென்டிமீட்டர் முதல் ஒரு மீட்டர் வரையிலும் உயரக்கூடும் என்று கணித்துள்ளது.

ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர் என்பதைக் கேட்டவுடன் பலருக்கு அலட்சியம் தோன்றுகிறது. அலட்சியப்படுத்தக் கூடாத காரணம் அலையில் இருக்கிறது. திறந்த கடலிலிருந்து வரும் பேரலை, பவளத் திட்டின் விளிம்பில் மோதி உடைகிறது. அங்கே நீர் ஆழமில்லாததால் அலை தன் ஆற்றலில் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது. பல நாடுகளின் பவளத் திட்டுகளைத் தொகுத்து ஆராய்ந்த ஒரு மதிப்பீடு, அலையின் ஆற்றலில் சராசரியாக 97 விழுக்காட்டைப் பவளத் திட்டுகள் குறைப்பதாகக் காட்டியது. திட்டின் மேல் எவ்வளவு உயர அலை கடக்க முடியும் என்பதை அங்குள்ள நீரின் ஆழமே முடிவு செய்கிறது. கடல்மட்டம் சில சென்டிமீட்டர் உயர்ந்தாலும் திட்டின் மேல் ஆழம் கூடும். முன்பு விளிம்பிலேயே உடைந்த அலை இப்போது கரைவரை வரும். ஆகவே, தலைமுறைக்கு ஒரு முறை ஊருக்குள் வந்த வெள்ளம், சில ஆண்டுகளுக்கு ஒரு முறை வரத் தொடங்கும். நிலம் நிரந்தரமாக நீருக்கடியில் போவதற்கு வெகுகாலம் முன்பே இது நிகழும்.

அப்படிப்பட்ட வெள்ளம் மாலத்தீவுக்குப் புதிதன்று. 1987 ஏப்ரலில், தொலைதூரக் கடலில் வீசிய புயல் எழுப்பிய அலைகள் தலைநகர் மாலேயின் தாழ்வான பகுதிகளையும் விமான நிலையத் தீவையும் தாக்கின. மாலேயில் அன்று புயல் வீசவில்லை. வானம் தெளிவாக இருந்தாலும் அலை வரும். அதே ஆண்டு அக்டோபரில் அன்றைய அதிபர் மவுமூன் அப்துல் கயூம் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் தம் நாட்டின் நிலையை எடுத்துரைத்தார். கடல்மட்ட உயர்வு பற்றி உலகத் தலைவர்கள் பெரிதாகப் பேசத் தொடங்காத காலம் அது.

நிலத்துக்கு முன் குடிநீர்

பொதுப் பேச்சில் இடம்பெறாத, ஆனால் என் பார்வையில் மிக முக்கியமான பகுதி இதுதான். ஆறும் ஏரியும் இல்லாத மணல் தீவில் கிணற்று நீர் எப்படிக் கிடைக்கிறது? மழைநீர் மணலுக்குள் இறங்கி, கீழே உள்ள உப்புநீரின்மேல் மிதக்கிறது. கடல்நீரைவிட நன்னீர் சற்று இலேசானது என்பதால் இது இயல்கிறது. இப்படி மிதக்கும், நடுவில் தடித்தும் ஓரங்களில் மெலிந்தும் உள்ள நீர்ப்படலத்தை 'நன்னீர் வில்லை' என்கிறார்கள். கோட்பாட்டளவில், கடல்மட்டத்துக்கு மேல் ஒரு சென்டிமீட்டர் நன்னீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் நன்னீர் இருக்கும். இதைத் திருப்பிப் பார்த்தால் ஆபத்து விளங்கும்: அளவுக்கு மீறி இறைத்து மேல்மட்டத்தை ஒரு சென்டிமீட்டர் குறைத்தால், கீழிருந்து உப்பு அதைப்போல் பல மடங்கு மேலேறும்.

இந்த வில்லையைக் கெடுக்கப் பல வழிகள் உள்ளன. மழை பிந்தலாம், கரை அரிக்கப்பட்டுத் தீவு குறுகினால் வில்லையும் மெலியும், கழிவுநீர் கலக்கலாம், அலை நிலத்தின்மேல் ஏறி உப்பைக் கொட்டலாம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை காலநிலை மாற்றத்தால் வந்ததன்று. ஆயினும், குறுகிய நேரம் நிலத்தின்மேல் ஏறி வடிந்த கடல்நீர் பல தீவுகளின் கிணறுகளை உப்பாக்கி, மரங்களைக் கருகச் செய்தது. கடல் ஒரு முறை ஊருக்குள் வந்துபோனால் என்ன மிச்சமாகும் என்பதை அது காட்டியது. பசிபிக் பெருங்கடலில் உள்ள மார்ஷல் தீவுகளை ஆராய்ந்து 2018-இல் வெளியான ஓர் ஆய்வும், பெரும்பாலான தாழ்பவளத் தீவுகள் மூழ்குவதால் அன்றி, அலை வெள்ளமும் உப்பேறிய நிலத்தடி நீருமாகச் சேர்ந்து, இந்த நூற்றாண்டின் நடுப்பகுதியையொட்டியே வாழத் தகாதவையாகக்கூடும் என்ற முடிவுக்கு வந்தது.

தலைநகர் மாலேயின் நிலத்தடி நீர் எப்போதோ பயன்படாத நிலைக்குப் போய்விட்டது. கடல்நீரிலிருந்து உப்பை நீக்கும் ஆலையே அந்நகரின் குடிநீருக்கு ஆதாரம். 2014 டிசம்பரில் அந்த ஆலையில் தீப்பிடித்தபோது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் குழாய்நீர் இன்றித் தவித்தார்கள். இந்தியா விமானங்களிலும் கப்பல்களிலும் தண்ணீர் அனுப்பியது. கடலோ அலையோ அன்று எதுவும் செய்யவில்லை. வேறு நீர்நிலை இல்லாமை என்ற நலிவு, ஒரே ஆலையை நம்பியிருத்தல் என்ற ஏற்பாட்டோடு சேர்ந்தபோது இது நேர்ந்தது. சிறு தீவுகளிலோ கூரையிலிருந்து சேமிக்கும் மழைநீரே குடிநீர்; வறண்ட மாதங்களில் தொட்டி காலியாகும்போது அரசு படகில் தண்ணீர் அனுப்பவேண்டியிருக்கிறது.

சுருக்கமாக: "எப்போது மூழ்கும்?" என்று கேட்பதைவிட, "எதுவரை அங்கே தண்ணீர் குடிக்கவும், வெள்ளம் வந்தபின் மீண்டெழவும் முடியும்?" என்று கேட்பதே சரி.

பவளம் வெளிறும்போது

பவளம் என்பது நுண்ணிய விலங்கு. தன் திசுக்களுக்குள் வாழும் பாசி தயாரிக்கும் உணவை நம்பி வாழ்கிறது. கடல்நீர் வழக்கத்தைவிட ஒரு டிகிரி அளவு அதிக வெப்பத்தில் பல வாரங்கள் நீடித்தால், பவளம் அந்தப் பாசியை வெளியேற்றிவிட்டு நிறமிழக்கிறது. இதுதான் 'பவள வெளிறல்'. வெப்பம் விரைவில் தணிந்தால் பிழைக்கும். தணியாவிட்டால் பட்டினியால் மடியும். 1998-இல் மாலத்தீவின் ஆழமற்ற பகுதிகளில் உயிருள்ள பவளத்தின் பெரும்பகுதி அழிந்தது. பல ஆண்டுகளில் அது மெல்லத் தேறிவந்த நிலையில், 2016-இல் ஆய்வு செய்யப்பட்ட பவளங்களில் 60 விழுக்காட்டுக்கும் மேல் மீண்டும் வெளிறின.

பவளம் மடிந்த திட்டு உடனே மறைந்துவிடாது. ஆண்டுகள் செல்லச் செல்ல உடைந்து தாழும். அப்போது அலைத்தடுப்பு குறையும், புதிய மணலின் வரத்தும் மாறும், தூண்டில் கோலால் சூரை பிடிக்கும் மீனவர்களுக்குத் தேவையான இரைமீன்களும் குறையும், முக்குளிக்க வரும் சுற்றுலாப் பயணியும் வேறு இடம் தேடுவார். ஒரே நிகழ்வு நிலத்தையும் வருமானத்தையும் ஒருசேரத் தாக்குகிறது. நலிவு என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

"தீவுகள் வளர்கின்றனவே" என்ற வாதத்தின் இடமும் இங்கேதான். பசிபிக் தீவு நாடான துவாலுவின் 101 தீவுகளை ஆராய்ந்து 2018-இல் வெளியான ஆய்வு, 1971 முதல் 2014 வரை மொத்த நிலப்பரப்பு 2.9 விழுக்காடு கூடியதாகக் கண்டது. அது உண்மையான, மதிக்க வேண்டிய முடிவு. ஆனால் பரப்பு கூடுவது உயரம் கூடுவதாகாது. அந்தப் புதிய மணல்மேட்டில் வீடு கட்டவும் கிணறு தோண்டவும் இயலும் என்பதுமாகாது. அந்த வளர்ச்சிக்கு மணல் வழங்கியது உயிருள்ள திட்டு. திட்டு தொடர்ந்து நலிந்தால், கடந்த நாற்பது ஆண்டுகளில் நடந்தது அடுத்த நாற்பது ஆண்டுகளிலும் நடக்கும் என்று நம்ப ஆதாரமில்லை.

தகவமைப்பு: எதைக் காப்பது, எதை விடுவது

காலநிலை மாற்றத்துக்கு எதிரான செயல்கள் இரு வகை. வெப்பத்துக்குக் காரணமான வாயுக்களைக் குறைப்பது 'தணிப்பு'; வந்துவிட்ட, வரப்போகும் மாற்றத்துக்கு ஏற்ப வாழ்வை மாற்றிக்கொள்வது 'தகவமைப்பு'. உலக உமிழ்வில் மாலத்தீவின் பங்கு 0.01 விழுக்காட்டுக்கும் குறைவு. அந்நாடு தன் டீசல் மின்நிலையங்கள் அனைத்தையும் நாளையே நிறுத்தினாலும் கடல்மட்டத்தில் மாற்றம் தெரியாது. ஆகவே அதன் கையில் உள்ளது பெரும்பாலும் தகவமைப்பு மட்டுமே.

1987 வெள்ளத்துக்குப் பின், ஜப்பானின் உதவியோடு மாலேயைச் சுற்றி அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்தன. 2004 ஆழிப்பேரலையில் மாலே இன்னும் பெரிய அழிவிலிருந்து தப்பியதில் அவற்றுக்குப் பங்குண்டு. 1997-இல் தொடங்கி, கடற்காயலின் மணலை அள்ளி நிரப்பி, ஏறத்தாழ 2 மீட்டர் உயரத்தில் ஹுல்ஹுமாலே என்ற புதிய தீவு உருவாக்கப்பட்டது. நெரிசலில் திணறிய தலைநகருக்கு அது மூச்சுவிட இடம் தந்தது. அங்கே குடியேறியோரை நோக்கி அதைக் குறைசொல்வது நியாயமாகாது.

ஆனால் தலைநகருக்குப் பொருந்துவது சிறு தீவுக்கும் பொருந்தும் என்று கொள்வதில்தான் சிக்கல். முன்பு சொன்ன நகரும் மணலை நினைவில் கொள்க. ஊருக்கு ஒரு துறைமுகம் வேண்டும் என்பது எல்லாத் தீவினரின் கோரிக்கை. நோயாளியைப் படகில் ஏற்றவும் அரிசி மூட்டையை இறக்கவும் அது தேவை. ஆனால் துறைமுகச் சுவர் கடலுக்குள் நீளும்போது, பருவந்தோறும் தீவைச் சுற்றி வந்த மணல் அதன் ஒரு பக்கத்தில் தேங்குகிறது. மறுபக்கக் கரை பட்டினி கிடந்து அரிக்கப்படுகிறது. அரிப்பைத் தடுக்க அங்கே ஒரு சுவர். அதன் முனையில் அரிப்பு இடம் மாறுகிறது. அங்கே இன்னொரு சுவர். இறுதியில் சுவரை ஆண்டாண்டுக்குப் பராமரிக்கப் பணமில்லாத சிறு தீவு, தன்னைத் தானே புதுப்பிக்கும் ஆற்றலையும் இழந்து நிற்கிறது. நிலமீட்புக்காகக் காயலை அள்ளும்போதும், கலங்கி எழும் சேறு அருகிலுள்ள பவளத்தின்மேல் படிந்து அதை மூச்சுத் திணறச் செய்யலாம். தெற்கே அட்டு என்ற பவள வளையத்தில் நடந்த பெரும் நிலமீட்பு இக்காரணத்தாலேயே கடும் விவாதத்துக்கு உள்ளானது. ஓர் ஆபத்தைக் குறைக்கச் செய்த செயலே இன்னோர் ஆபத்தை வளர்த்துவிடுவதைத் 'தவறான தகவமைப்பு' என்று குறிப்பிடுவார்கள். சுவரே கூடாது என்பது இதன் பொருளன்று. சுவர் கட்டிய தீவு அதன்பின் எப்போதும் சுவரையே நம்பி வாழவேண்டும் என்பதை அறிந்து கட்டவேண்டும் என்பதே பொருள்.

கண்ணைக் கவராத தகவமைப்புகளும் உண்டு. எனக்கு அவற்றில்தான் நம்பிக்கை அதிகம். வளரும் நாடுகளின் காலநிலைத் திட்டங்களுக்குப் பணம் தரும் பசுமைக் காலநிலை நிதியம் 2015-இல் முதன்முதலாக ஒப்புதல் அளித்த 8 திட்டங்களில் மாலத்தீவின் வெளித்தீவுகளுக்கான குடிநீர்த் திட்டமும் ஒன்று. மழைநீர்ச் சேமிப்பு, உப்புநீக்கம், நிலத்தடி நீர் ஆகிய மூன்றையும் இணைத்து, ஒன்று தவறினால் மற்றொன்று கைகொடுக்கும்படி அமைப்பது அதன் கருத்து. கரையோரத் தாவரங்களை வெட்டாமல் விடுவது, கழிவுநீர் கிணற்றில் கலக்காமல் தடுப்பது, பவளத்தை உடைத்துக் கட்டடக் கல்லாக்கும் பழைய வழக்கத்தைக் கைவிடுவது ஆகியவையும் இவ்வகையே. இவை எதிர்ப்படலை மாற்றுவதில்லை. நலிவைக் குறைத்து, ஈடுகொடுக்கும் திறனைக் கூட்டுகின்றன.

இடம்பெயர்தல் இன்னொரு வழி. ராஅ பவள வளையத்தில் இருந்த கந்தொல்ஹுதூ, ஏற்கெனவே நெரிசலில் இருந்த தீவு. 2004 ஆழிப்பேரலை அதை வாழ முடியாததாக்கியது. அதன் மக்கள் அருகிலுள்ள தீவுகளில் தற்காலிகக் குடியிருப்புகளில் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் காத்திருந்து, அதுவரை ஆளில்லாதிருந்த துவாஃபரு தீவில் புதிதாகக் கட்டப்பட்ட வீடுகளுக்குச் சென்றார்கள். சில ஆயிரம் பேரை, ஒரே நாட்டுக்குள், பன்னாட்டு உதவியோடு மாற்றுவதற்கே இவ்வளவு காலம் பிடித்தது. "வேறு இடத்துக்குப் போய்விடலாமே" என்று எளிதாகச் சொல்பவர்கள் இந்தக் கால அளவைக் கவனிக்க வேண்டும்.

பணமும் எல்லையும்

ஈடுகொடுக்கும் திறனுக்குப் பணம் வேண்டும். சுற்றுலாவின் பலத்தால் மாலத்தீவின் தனிநபர் வருமானம் உயர்ந்தது. 2011-இல் அந்நாடு குறைவளர்ச்சி நாடுகளின் பட்டியலிலிருந்து வெளியேறியது. கேட்க நல்ல செய்திதான். ஆனால் வருமானத்தை மட்டும் அளவுகோலாக வைத்தால், சலுகை வட்டிக் கடனும் மானியமும் கிடைப்பது கடினமாகிறது. கடலோ வருமானத்தைப் பார்த்து வருவதில்லை. வருமானத்தோடு பாதிப்புக்குள்ளாகும் தன்மையையும் சேர்த்து அளக்கும் ஒரு குறியீட்டைச் சிறு தீவு நாடுகள் நெடுங்காலம் வலியுறுத்தின. 2024 ஆகஸ்டில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை அதை ஏற்றுக்கொண்டது. கடன் தரும் நிறுவனங்கள் அதைப் பயன்படுத்த வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் இல்லை.

எவ்வளவு பணம் இருந்தாலும் தகவமைப்புக்கு ஓர் எல்லை உண்டு. உலக வெப்பம் தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட 1.5 டிகிரி உயர்ந்தால் பவளத் திட்டுகளில் 70 முதல் 90 விழுக்காடு வரையிலும், 2 டிகிரி உயர்ந்தால் 99 விழுக்காட்டுக்கும் மேலும் அழியும் என்று ஐ.பி.சி.சி. 2018-இல் மதிப்பிட்டது. 1989-இல் மாலேயில் கூடிய சிறு நாடுகளும், அதற்கடுத்த ஆண்டு உருவான சிறு தீவு நாடுகளின் கூட்டணியும் தொடுத்த நீண்ட முயற்சியின் விளைவாகவே 2015 பாரிஸ் உடன்பாட்டில் 1.5 டிகிரி என்ற இலக்கு இடம்பெற்றது. அவர்களுக்கு அந்த அரை டிகிரி, மணல் வருமா வராதா என்ற கேள்வி.

தகவமைத்தும் தவிர்க்க முடியாமல் இழப்பவற்றை 'இழப்பும் சேதமும்' என்று தனியாகக் குறிப்பிடுகிறார்கள்: கைவிடப்பட்ட ஊர், உப்பேறிய நிலம், முன்னோரின் அடக்கத்தலம் கடலில் போவது. இதற்கான நிதியம் ஒன்றை அமைக்க 2022-இல் எகிப்தில் நடந்த காலநிலை மாநாடு ஒப்புக்கொண்டது. மறு ஆண்டு துபாயில் அது செயலுக்கு வந்தது. எந்த நாடு எவ்வளவு தரவேண்டும் என்று அதன் விதிகள் எதுவும் வரையறுக்கவில்லை. தர விரும்பும் நாடுகள் தாமாக அறிவிக்கும் தொகையே அதன் மூலதனம்.